சுழற்காற்றின் சுவடும் அதன் சாட்சியமும்

தரையைத் தொட்டு ஓடி மறைந்த ஒரு சுழற்காற்றைக் குறித்து, அது எவ்வளவு வேகத்தோடு சுழன்றது, எங்கே தொடங்கி எங்கே ஓய்ந்தது, வழி முழுவதும் ஒன்றாகவே சென்றதா அல்லது ஒன்று அழிய மற்றொன்று பிறந்து தொடர்ந்ததா என்னும் வினாக்களுக்கு விடை கூறத் தகுந்த சாட்சி எது? டோர்னேடோ என்று உலகெங்கும் வழங்கும் இக்காற்று பெரும்பாலும் சில நிமிஷங்களே நிலைப்பது. அதன் அகலம் சில பத்துக் கஜங்களிலிருந்து, மிக அபூர்வமாக, இரண்டு மைலுக்கு மேலும் செல்வது. வானிலை நிலையத்தில் நாட்டிய காற்றுமானியின்மீது அது நேராக வந்து சேர்வது அரிது. வந்து சேர்ந்தாலும் கருவி பிழைத்திருந்து கணக்குச் சொல்வது அதனினும் அரிது. ஆகையால், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக, காற்றை ஆராய விரும்பியவர்கள் காற்றை அன்றி, அது விட்டுச்சென்ற முறிந்த மரங்களையும் பெயர்ந்த கூரைகளையும் படுத்துக்கிடந்த பயிர்களையுமே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள்.

இம்முறையில் ஆரம்பத்திலிருந்தே ஓர் இடர்ப்பாடு உண்டு. நகரத்தில் ஒவ்வொரு கஜ தூரத்திற்கும் ஒரு கட்டடம் சாட்சியாக நிற்க, நாட்டுப்புறத்திலோ ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே ஒரு மைல் வெறும் வயலாக இருக்கலாம். நகரத்தின் ஊடே சென்றிருந்தால் பேரழிவு என்று சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கக்கூடிய அதே காற்று, கோதுமை வயலின் ஊடே சென்றால், மெலிந்த காற்று என்றே பதிவேட்டில் ஏறிவிடக்கூடும். இந்த இடர்ப்பாட்டை வெவ்வேறு காலத்து ஆராய்ச்சியாளர் எவ்வாறு எதிர்கொண்டனர், அவரவர் கூறிய விடைகளின் பலமும் பலவீனமும் யாவை, இன்றும் தீராமல் நிற்பது எது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விவாதத்தின் பெரும்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்தியச் சமவெளியை ஒட்டியே நிகழ்ந்திருப்பதால், எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

விழுந்த மரங்களைப் படித்த முதல் ஆராய்ச்சியாளர்

1821-ஆம் ஆண்டு செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலத்தைக் கடந்துசென்ற ஒரு கடற்புயலுக்குப் பின்னர், வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர், ஓர் ஊரில் மரங்கள் ஒரு திசையிலும், சில பத்து மைல் தள்ளி மற்றோர் ஊரில் அதற்கு எதிர்த்திசையிலும் சாய்ந்து கிடந்ததைக் கண்டு, புயல் என்பது ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் பெருங்காற்றே என்னும் முடிவுக்கு வந்து, அதனை 1831-இல் வெளியிட்டார். அவருக்கு எதிர்நின்றவர் ஜேம்ஸ் எஸ்பி. ஈரமான வெப்பக் காற்று மேலெழும்போது நீராவி குளிர்ந்து வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் மேலே தூக்குகிறது. வெறுமையாகும் இடத்தை நோக்கி எல்லாப் பக்கங்களிலிருந்தும் காற்று நேராகப் பாய்ந்து வருகிறது என்பது எஸ்பியின் சித்தாந்தம். முன்னவருக்குக் காற்று சுழல்வது. பின்னவருக்குக் காற்று மையத்தை நோக்கிப் பாய்வது.

1835 ஜூன் 19 அன்று நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் என்னும் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாக்கிய சுழற்காற்று, இவ்விரு கட்சிகளையும் ஒரே களத்தில் நிறுத்தியது. எஸ்பியின் பக்கத்தில் அலெக்ஸாந்தர் டல்லஸ் பாச்சே திசைகாட்டியைக் கையிலேந்தி, விழுந்த மரங்கள் எத்திசை நோக்கிக் கிடந்தன என்பதை அளந்து குறித்தார். ரெட்ஃபீல்டும் அதே சுவட்டை ஆராய்ந்தார். ஒரே மரங்களைப் பார்த்த இருவரும், தத்தம் கொள்கையே நிரூபணமாயிற்று என்று நம்பினர். இவ்விருவர்க்கும் அப்பால், ராபர்ட் ஹேர் என்னும் ரசாயன அறிஞர் இது மின்சாரத்தின் செயல் என்று வாதித்தார்.

இந்த முரண்பாட்டிற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமன்று. சாய்ந்த மரம் ஒன்றன் திசை, காற்றின் சுழற்சி, மையத்தை நோக்கிய பாய்ச்சல், சுழற்காற்று முழுவதும் முன்னோக்கி நகரும் வேகம் ஆகிய மூன்றும் கூடிய விளைவு. அத்துடன் எல்லா மரங்களும் ஒரே கணத்தில் விழுவதுமில்லை. ஆகவே தரையில் காணப்படும் படம், பல கணங்களின் காற்று ஒன்றன்மேலொன்றாகப் பதிந்த ஒரு கலப்புச் சித்திரமே. பூமியின் சுழற்சி பெரும் புயல்களினுள் பாயும் காற்றைத் திருப்பிவிடுகிறது என்று பிற்பாடு வில்லியம் ஃபெரல் நிறுவியபோது, இரு கட்சியினரும் உண்மையின் ஒவ்வொரு பாகத்தைக் கண்டிருந்தனர் என்பது தெளிவாயிற்று.

கள ஆய்வு ஒரு முறையாக வளர்ந்தது

அமெரிக்க ராணுவத்தின் செய்தித் தொடர்புப் படையைச் சேர்ந்த ஜான் ஃபின்லி, 1879 மே மாத இறுதியில் கான்ஸாஸ், நெப்ராஸ்கா, மிசௌரி, அயோவா மாநிலங்களில் வீசிய சுழற்காற்றுகளின் வழியே பண்ணை பண்ணையாகச் சென்று விசாரித்தது, இத்துறையில் ஒரு திருப்பமாகும். பின்னர் 600 சுழற்காற்றுகளின் தன்மையைத் தொகுத்து அவர் வெளியிட்ட அறிக்கை, நேரம், திசை, பாதையின் நீள அகலங்கள், மேகத்தின் தோற்றம் முதலியவற்றை அட்டவணையாக்கும் வழக்கத்தை நிலைநாட்டியது. நாட்டுப்புறத்தின் நிகழ்ச்சியை நாட்டுப்புறத்தாரின் வாய்மொழியாலேயே பதிவு செய்தது இம்முறையின் சிறப்பு. அதன் குறையும் அங்கேதான் இருந்தது: சாட்சிகள் தங்கள் பண்ணைக்கு நேர்ந்ததைச் சொல்ல வல்லரே அன்றி, இரு பண்ணைகளுக்கு இடையே காற்று தரையைத் தொட்டதா, மேலெழும்பிச் சென்றதா என்று சொல்ல வல்லர் அல்லர். காற்றின் வேகத்தை அளக்க வழியில்லாத அக்காலத்தில், பலகையில் பாய்ந்து நின்ற வைக்கோலைக் கண்டும் தூக்கியெறியப்பட்ட கனமான பொருள்களைக் கண்டும், மணிக்கு 500 மைலும் அதற்கு மேலுமான வேகங்கள் அனுமானிக்கப்பட்டன. இவ்வளவு மிகையான மதிப்பீடுகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் புத்தகங்களில் வழங்கி வந்தன.

ஐரோப்பாவில் வேறொரு வழி தோன்றியது. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கையால் புகழ்பெற்ற ஆல்ஃபிரட் வேகனர், 1917-இல் ஐரோப்பியச் சுழற்காற்றுகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய தூண்டுதலைப் பெற்ற எஸ்தோனிய அறிஞர் யோஹான்னஸ் லெட்ஸ்மன், 1920-களில், சுழற்சி வேகத்திற்கும் முன்னகர்வு வேகத்திற்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு, மரங்கள் எவ்வெவ்வாறு விழவேண்டும் என்பதைக் கணிதத்தால் வரைந்து காட்டினார். ரெட்ஃபீல்டும் எஸ்பியும் விழுந்த மரத்திலிருந்து காற்றை ஊகித்தார்கள். லெட்ஸ்மனோ காற்றிலிருந்து தொடங்கி மரம் விழும் கோலத்தைக் கணித்து, களத்தோடு ஒப்பிட வழிசெய்தார். அக்காலத்தில் போதிய கவனம் பெறாத இம்முறை, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கழித்தே மீண்டும் கையாளப்பட்டது.

1925: பாதை ஒன்றா, பலவா?

சேதத்தின் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்னும் கேள்விக்கு மிகக் கடுமையான சோதனையாக அமைந்தது, 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களைக் கடந்த சுழற்காற்றாகும். பிற்பகல் சுமார் ஒரு மணிக்கு மிசௌரியின் காடடர்ந்த ஓஸார்க் குன்றுகளில் எல்லிங்டன் அருகே தோன்றி, மிஸிஸிப்பி நதியைக் கடந்து, இல்லினாயில் கோரம், மர்ஃபிஸ்பரோ, டி சோட்டோ, வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட் ஆகிய ஊர்களை நாசமாக்கி, வாபாஷ் நதிக்கு அப்பால் இண்டியானாவில் கிரிஃபின் என்னும் கிராமத்தை அழித்து, நாலரை மணியளவில் பீட்டர்ஸ்பர்க் அருகே ஓய்ந்தது என்பது வழிவழியாக வந்த வரலாறு. இறந்தோர் 695 பேர்; அவர்களுள் 600-க்கும் மேற்பட்டவர் இல்லினாயைச் சேர்ந்தவர்; மர்ஃபிஸ்பரோவில் மட்டும் 234 பேர். ஆயினும் இதனை நகரங்களின் துயரமாக மட்டும் கருதுவது பிழை. இல்லினாயின் கிழக்குக் கோடியில் ஹாமில்டன், ஒயிட் ஆகிய இரு மாவட்டங்களின் நாட்டுப்புறங்களிலே அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிரிஃபினுக்கும் பிரின்ஸ்டனுக்கும் இடையே சுமார் 85 பண்ணைகள் பாழாயின. மணிக்கு சராசரி 62 மைல் வேகத்தில் முன்னேறிவந்த அதற்கு வழக்கமான புனல் வடிவம் இல்லாமல், உருண்டுவரும் கரிய மூடுபனியாகவே பல இடங்களில் காட்சியளித்ததால், வருவது இன்னதென்று உணராமலே பலர் உயிரிழந்தனர்.

இதன் பாதை குறித்து மூன்று நிலைகள் கூறப்பட்டு வந்திருக்கின்றன. முதலாவது, 219 மைல் நீளமும் ஒரே சுழற்காற்றின் தடம் என்பது. 1925-இல் அரசாங்க வானிலைத் துறையினர் திரட்டிய செய்திகளிலிருந்தும், ஆல்ஃபிரட் ஹென்றி அவ்வாண்டே எழுதிய கட்டுரையிலிருந்தும் தொடங்கி, 1966-இல் சாங்னனும் செமோனினும் எழுதிய மறுபரிசீலனை வரையில் இக்கருத்து நிலைபெற்றது. ஊர்களுக்கு இடையேயான நேரக் கணக்கு ஒழுங்காகப் பொருந்துவதும், தடம் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் செல்வதும் இதன் பலம். ஆனால் ஒழுங்காக நகரும் ஒரே இடிமேகத்திலிருந்து அடுத்தடுத்துப் பல சுழற்காற்றுகள் இறங்கினாலும் அவ்வாறே நேரமும் திசையும் பொருந்தும் என்பது இதன் பலவீனம்.

இரண்டாவது நிலை அந்தப் பலவீனத்திலிருந்தே பிறந்தது. சூப்பர்செல் எனப்படும், தானே சுழலும் பெரிய இடிமேகம், ஒரு சுழற்காற்றை ஈன்று, அது மெலியும்போது சற்றுத் தள்ளி மற்றொன்றை ஈனக்கூடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. இந்த அறிவின் வெளிச்சத்தில் பழைய நீண்ட பாதைகள் மறுபடி ஆராயப்பட்டன. 1917 மே 26 அன்று இல்லினாயின் மட்டூன், சார்ல்ஸ்டன் ஊர்களைத் தாக்கியது 293 மைல் ஓடிய ஒரே காற்று என்று நெடுங்காலம் கூறப்பட்டிருந்தது. அது பல சுழற்காற்றுகளின் குடும்பம் என்று இப்போது கருதப்படுகிறது. 1947 ஏப்ரல் 9 அன்று டெக்ஸாஸிலிருந்து ஓக்லஹாமாவின் உட்வர்டு வழியே கான்ஸாஸ் வரையில் சென்றதாகக் கூறப்பட்ட நெடும்பாதையும் அவ்வாறே பிரிக்கப்பட்டது. ஆகவே 1925-இன் பாதையும் பிரிக்கத் தக்கதே என்று ஐயுறுவது நியாயமாயிற்று. ஆயினும் மற்றவை பிரிந்தன என்பதனாலேயே இதுவும் பிரிந்திருக்க வேண்டும் என்பது உவமையால் பெறும் அனுமானமே அன்றி நிரூபணம் அன்று.

மூன்றாவது நிலை, 2013-இல் ராபர்ட் ஜான்ஸும் அவரோடு உழைத்த வானிலை அறிஞர்களும் வெளியிட்ட விரிவான மறு ஆய்வினுடையது. அவர்கள் பழைய செய்தித்தாள்களையும் நில உரிமைப் பதிவுகளையும் நிலப்படங்களையும் துருவி, எஞ்சியிருந்த முதிய சாட்சிகளையும் கண்டு பேசி, சேதம் அறியப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் படத்தில் குறித்து, குறிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களின் நீளத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். மிசௌரியின் மேடிசன் மாவட்டத்திலிருந்து இண்டியானாவின் பைக் மாவட்டம் வரை 174 மைல் தூரம் ஒரே சுழற்காற்றின் தடமாக இருந்திருக்கலாம். அதனுள் கடைசி 151 மைல் அவ்வாறு இருந்தது பெரிதும் சாத்தியம். மேற்கே உள்ள காட்டுப் பகுதியைப் பற்றி உறுதி கூறுவதற்கில்லை என்பது அவர்கள் முடிவு. ஒரே எண்ணைக் கூறாமல், நம்பிக்கையின் படிநிலைகளைக் கூறியதே இவ்வாய்வின் பெருமை என்று தோன்றுகிறது. பாதையின் ஐயத்திற்குரிய பகுதி, மக்கள் மிகக் குறைவாக வாழ்ந்த பகுதியாகவே அமைந்தது தற்செயல் அன்று. அங்கே காற்று இல்லாமலிருந்திருக்கலாம், அல்லது அதைக் காட்டிக்கொடுக்கும் பொருள் இல்லாமலிருந்திருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் ஆதாரம் நமக்கு இல்லை.

இன்றைய கருவிகள் இருந்தால் இத்தகைய ஐயம் எப்படித் தீரும் என்பதற்கு 2021 டிசம்பர் 10 இரவு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்கன்ஸாஸில் தொடங்கி நான்கு மாநிலங்களைத் தொட்ட ஓர் இடிமேகத்தின் சேதம், முதலில் சுமார் 250 மைல் நீண்ட ஒரே பாதை என்று பேசப்பட்டது. ரேடார் பதிவும் கள ஆய்வும் ஒருங்கே நோக்கப்பட்டபோது, வடமேற்கு டென்னஸியில் முதல் சுழற்காற்று ஓய்ந்து, சிறிது தூரம் கழித்து மற்றொன்று பிறந்ததும், கென்டக்கியின் மேஃபீல்டு நகரை அழித்தது சுமார் 166 மைல் ஓடிய அந்த இரண்டாவதே என்பதும் துணியப்பட்டன. 1925-க்கு இத்தகைய ரேடார் சாட்சி கிடையாது, இனியும் கிடைக்கப்போவதில்லை.

ஃபுஜிதாவும் அளவுகோலும்

இத்துறையின் வரலாற்றில் மிகப் பெரிய பெயர் ஜப்பானில் பிறந்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டெட்ஸுயா ஃபுஜிதாவினுடையது. 1945-இல் அணுகுண்டு விழுந்த நாகசாகியையும் ஹிரோஷிமாவையும் நேரில் ஆராய்ந்து, மரங்கள் சாய்ந்த திசைகளிலிருந்து வெடிப்பின் இடத்தைக் கணித்துப் பழகியிருந்த அவர், அதே கண்ணோடு அமெரிக்க வயல்களை விமானத்திலிருந்து நோக்கினார். 1965 ஏப்ரல் 11 அன்று மத்திய மேற்கு மாநிலங்களைத் தாக்கிய சுழற்காற்றுகளுக்குப் பின்னர், உழவு வயல்களில் சுருள் சுருளான வளைகோடுகள் காணப்பட்டன. கனமான பொருளைக் காற்று இழுத்துச் சென்ற கீறல்கள் அவை என்பது முந்தைய கருத்து. அவை கீறல்கள் அல்ல, சோளத் தட்டைகளும் சருகுகளும் சில அங்குல உயரத்திற்குக் குவிந்த வரிகள் என்று கண்ட ஃபுஜிதா, பெரிய சுழலினுள்ளே சிறு சுழல்கள் சுற்றிவருகின்றன என்னும் கொள்கைக்கு அவற்றைப் பிரமாணமாக்கினார். ஒரு வீடு தரைமட்டமாக, அடுத்த வீடு ஏறக்குறையச் சேதமின்றி நிற்கும் புதிரும் இதனால் ஓரளவு விளங்கிற்று. இங்கே சாட்சியம் கூறியது கட்டடம் அன்று, வெறும் வயல் என்பது கவனிக்கத்தக்கது.

1971-இல் அவர் அமைத்த அளவுகோல், மெலிந்த சேதத்தை எஃப் 0 என்றும், உறுதியான வீடும் அடியோடு அடித்துச் செல்லப்படுவதை எஃப் 5 என்றும் ஆறு படிகளாக வகுத்தது. கடைசிப் படிக்கு மணிக்கு 261 முதல் 318 மைல் வரை வேகம் குறிக்கப்பட்டது. அரசாங்கத் துறைகள் இதனை விரைவில் ஏற்று, 1950 முதலான பழைய சுழற்காற்றுகளுக்கும், பெரும்பாலும் செய்தித்தாள் வர்ணனைகளைக் கொண்டே, படிகளை வழங்கின. சிதறிக் கிடந்த செய்திகளை ஒப்பிடத்தக்க பதிவேடாக்கிய மகத்தான சேவை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் படிகளோடு இணைத்த வேகங்கள் பரிசோதனையால் நிறுவப்பட்டவை அல்ல. 1988-இல் டாஸ்வெல், பர்ஜெஸ் இருவரும் இப்பதிவேட்டின் தரத்தைப் பற்றி எழுப்பிய ஐயங்களுள் இதுவே முக்கியமானது: அளவுகோல் காற்றை அளப்பதாகப் பெயர்பெற்றிருந்தாலும், உண்மையில் அளப்பது சேதத்தையே.

வீடு எவ்வளவு நம்பத்தகுந்த அளவுகோல்?

1997 மே 27 அன்று டெக்ஸாஸின் ஜாரல் என்னும் சிற்றூருக்கு அருகே, மெதுவாக நகர்ந்த ஒரு சுழற்காற்று ஒரு குடியிருப்பை அஸ்திவாரம் மட்டுமே எஞ்சுமாறு துடைத்து, 27 உயிர்களைக் கொண்டது. எஃப் 5 என்று பதிவாயிற்று. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த ஃபான், சிமியூ என்னும் பொறியாளர்கள், அவ்வீடுகள் கட்டப்பட்டிருந்த விதத்தைப் பரிசீலித்து, அதே அழிவை எஃப் 3 படிக்குரிய வேகமே விளைவித்திருக்கக்கூடும் என்று வாதித்தார்கள். எஃப் 5 என்று கூறியவர்கள், புல்லும் மண்ணும் பெயர்க்கப்பட்டதைச் சுட்டினார்கள்; ஆனால் மெதுவாக நகரும் காற்று ஒரே இடத்தை நெடுநேரம் அரைப்பதனால், வேகத்தின் விளைவையும் காலத்தின் விளைவையும் தரையில் பிரித்தறிவது கடினமே.

இதன் மறுபுறத்தைக் காட்டுவது வங்காள தேசம். 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய சுழற்காற்று சுமார் 1,300 பேரின் உயிரைப் போக்கியதாகக் கணக்கிடப்படுகிறது. உலகில் அறியப்பட்ட சுழற்காற்றுகளுள் மிகுந்த உயிர்ச்சேதம் விளைத்தது இதுவே. மூங்கிலும் தகரமும் மண்ணும் கொண்ட குடிசைகள் மிதமான காற்றுக்கே விழுந்துவிடுவன. எல்லாம் விழுந்த பின், காற்று அதற்கு மேல் எவ்வளவு வலியது என்று சொல்லும் பொருள் ஒன்றுமில்லை. உயிர்களை மிகுதியாகக் கொன்ற காற்றின் வலிமையே நமக்குத் தெளிவாகத் தெரியாமல் போவது, இம்முறையின் மிகத் துயரமான குறைபாடாகும்.

இக்குறைகளை நீக்க, டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் காற்றுப் பொறியியல் அறிஞர்கள் முன்னின்று திருத்திய அளவுகோல் 2007 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இ.எஃப். என்று சுருக்கமாக வழங்கும் இது, 28 வகைக் கட்டடங்களையும் மரங்களையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எப்படிச் சிதைந்தால் எவ்வளவு வேகம் என்று அறிஞர் குழுவின் மதிப்பீட்டைக் கொண்டு வரையறுத்தது. 200 மைலுக்கு மேற்பட்டது இ.எஃப். 5. ஃபுஜிதா குறித்த மிகையான வேகங்கள் இதனால் குறைந்தன. கட்டடத்தின் தரமும் கணக்கில் வந்தது. ஆனால் நாட்டுப்புறத்தின் இடர்ப்பாடு நீங்கவில்லை. ஒரு வகையில் அது எண்ணாகவே வெளிப்பட்டது. பண்ணைக் கொட்டகை ஒன்று முற்றிலும் அழிந்தாலும் அதனால் ஊகிக்கத்தக்க வேகம் சுமார் 112 மைல்; அகன்ற இலை மரம் ஒன்று பட்டையுரிந்து அடிக்கட்டையாக நின்றால் 143 மைல்; நன்கு கட்டிய வீடு அஸ்திவாரம் மட்டும் எஞ்சுமாறு துடைக்கப்பட்டால் மட்டுமே 200 மைல். ஆகவே கொட்டகைகளும் தோப்புகளும் மட்டுமே உள்ள வழியில் செல்லும் காற்று, எவ்வளவு கொடியதாயினும், நடுப்படிக்கு மேல் ஏற வழியில்லை. பயிர் வயலுக்கோ, அப்பட்டியலில் இடமே இல்லை.

ரேடாரின் சாட்சியம்

வண்டியில் ஏற்றிச் செல்லும் டாப்ளர் ரேடார்கள் 1990-களில் புதியதொரு சாட்சியைக் கொணர்ந்தன. 1999 மே 3 அன்று ஓக்லஹாமாவில் மூர் நகரை நாசமாக்கிய காற்றில் மணிக்கு 300 மைலை ஒட்டிய வேகம் அளக்கப்பட்டது. இக்கருவிக்கும் கள ஆய்வுக்கும் இடையேயுள்ள பிளவு, 2013 மே 31 அன்று அதே மாநிலத்தின் எல் ரீனோ அருகே வெளிப்படையாயிற்று. பெரும்பகுதி திறந்த வயல்களின்மேல் நகர்ந்த அச்சுழற்காற்றின் அகலம் 2.6 மைல், பதிவேட்டில் உள்ளவற்றுள் இதுவே மிக அகன்றது. அதனுள் சுழன்ற சிறு சுழல்களில் 290 மைலுக்கு மேற்பட்ட வேகம் ரேடாரில் தெரிந்ததால், இ.எஃப். 5 என்று அறிவிக்கப்பட்டது. பின்னர், சேதம் அந்த அளவுக்கு இல்லை என்பதனால், இ.எஃப். 3 என்று குறைக்கப்பட்டது. சுழற்காற்றை அணுகி ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட டிம் சமாரஸ் உள்ளிட்ட எட்டுப் பேரை அது கொன்றது.

இதனைக் குறித்து இரு தரப்புகளும் தகுந்த காரணங்களோடு நிற்கின்றன. அளவுகோல் சேதத்துக்கென்று அமைந்தது; ரேடார் வண்டி எல்லா இடத்திலும் இருக்க முடியாது; சிலவற்றுக்கு மட்டும் ரேடார் வேகத்தை ஏற்றுக்கொண்டால், 1950 முதல் வரும் பதிவேட்டின் ஒருமைப்பாடு குலைந்துவிடும் என்பது ஒரு தரப்பு. நேரில் அளந்த வேகத்தைப் புறக்கணித்துவிட்டு, கொட்டகைகளைக் கொண்டு ஊகித்த வேகத்தை ஏற்பது சாஸ்திரத்துக்கு முரணானது என்பது மறுதரப்பு. பின்னவருக்குப் பெரும் ஆதாரமாவது, 2021-இல் ஜோஷுவா உர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. தாங்கள் பல ஆண்டுகளாக ரேடாரால் அளந்த 120 சுழற்காற்றுகளைக் களப்பதிவுகளோடு ஒப்பிட்டு, சேதத்தால் வழங்கிய படிகள் சராசரியாக 1.2 முதல் 1.5 படி வரை தாழ்வாக இருக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். ஆனால் இம்முடிவையும் எச்சரிக்கையோடே கையாள வேண்டும். ரேடார் நோக்குவது தரைக்குச் சற்று மேலே. வீட்டைத் தாக்குவது தரையை ஒட்டிய காற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறும் கணக்கு இன்னும் உறுதிப்படவில்லை. ஆராய்ச்சியாளர் வண்டியோடு துரத்துவதும் பெரும்பாலும் சமவெளியின் வலிய இடிமேகங்களையே ஆதலால், அந்த மாதிரி எல்லாச் சுழற்காற்றுகளையும் பிரதிபலிப்பதாகக் கொள்ளவும் இயலாது.

காடும் பாதையும் வானத்துக் கண்ணும்

கட்டடம் இல்லாத இடத்தில் வேறு சாட்சிகளைத் தேடுவதே மூன்றாவது வழி. 1987 ஜூலை 21 அன்று வயோமிங் மாநிலத்தின் டீடன் வனப்பகுதியில், ஒருவரும் வசிக்காத மலைக்காட்டில், ஏறக்குறைய பத்து லட்சம் மரங்கள் சாய்ந்தன. அவற்றின் நிலையை விமானத்திலிருந்து ஆராய்ந்த ஃபுஜிதா, அதனை எஃப் 4 என்று நிர்ணயித்தார். லெட்ஸ்மனின் கணித முறையும் இப்போது கணினியின் துணையோடு புத்துயிர் பெற்று, மரம் விழுந்த கோலத்திலிருந்து வேகத்தை மீட்டெடுக்கப் பயன்படுகிறது. செயற்கைக்கோள் படங்களில் காட்டின் தழும்புகளைத் தேடிய ரஷ்ய ஆராய்ச்சியாளர், யாரும் கண்டறியாத பல சுழற்காற்றுகளை வடகிழக்கு ஐரோப்பாவில் வெளிக்கொணர்ந்தனர். 2017-இல் தொடங்கிய கனடாவின் வடபுலச் சுழற்காற்றுத் திட்டமும் அந்நாட்டின் காடுகளில் இப்பணியையே செய்துவருகிறது. ஆயினும் மரத்தின் வலிமை, அதன் இனம், வேர், மண்ணின் ஈரம் ஆகியவற்றைப் பொறுத்தது. அனைத்து மரங்களும் வீழ்ந்துவிட்ட காட்டில், மேலும் வலிய காற்றைக் காட்டும் குறி இருப்பதில்லை. பயிர் வயலின் தழும்போ அடுத்த உழவோடு மறைந்துவிடும்.

எதிர்பாராத பொருள்களையும் சாட்சியாக்கலாம் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு, 2025 ஜூன் 20 அன்று வடக்கு டக்கோட்டாவின் எண்டர்லின் ஊருக்கு அருகே, பண்ணைகள் நிறைந்த பகுதியில் மூவரைப் பலிகொண்ட சுழற்காற்று. தானியம் நிரம்பிய சரக்கு ரயில் பெட்டிகளைக் கவிழ்த்தும், வெறும் டாங்கிப் பெட்டி ஒன்றைத் தூர எறிந்தும் சென்ற அதன் வேகம், பெட்டிகளின் எடையையும் வடிவத்தையும் கொண்டு கணிக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் இ.எஃப். 5 என்று அறிவிக்கப்பட்டது. 2013 மே 20-க்குப் பின் அதுவரை அந்நாட்டில் எந்தச் சுழற்காற்றும் அப்படியை எட்டியிருக்கவில்லை. அன்று அவ்வழியில் ஒரு ரயில் நில்லாதிருந்தால் அப்பதிவு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணினாலே, நாட்டுப்புறத்துக் காற்றுக்கு வழங்கும் படியில் சந்தர்ப்பத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பது புலனாகும்.

இக்கேள்வியின் பயன்

இது அறிஞர்களுக்கிடையே மட்டும் நிகழும் தர்க்கம் என்று கருதுவது தகாது. 1950-இல் அமெரிக்காவில் பதிவான சுழற்காற்றுகள் 201. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 பதிவாகின்றன. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மெலிந்த சுழற்காற்றுகள் மிகுதியாகக் கவனிக்கப்படுவதால் வந்ததே அன்றி, வானம் மாறியதனால் வந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. மக்கள் வாழும் ஊர்களுக்கும் சாலைகளுக்கும் அருகே அதிகமும், தொலைவிலே குறைவாகவும் பதிவாகும் சாய்வு படிப்படியாகக் குறைந்து வருவதையும் ஜேம்ஸ் எல்ஸ்னர் முதலியோர் காட்டியிருக்கின்றனர். பருவநிலை மாற்றத்தால் சுழற்காற்று பெருகுகிறதா என்னும் பெரிய கேள்விக்கு விடை தேடுவோர், இப்பதிவேட்டையே அடித்தளமாகக் கொள்ள நேர்வதால், அதன் சாய்வுகள் அவர்கள் முடிவுகளிலும் ஏறிவிடுகின்றன.

அமெரிக்கக் கட்டுமான விதிகளில் சுழற்காற்றின் தாக்கம் முதன்முதலாகத் தனி அத்தியாயமாக இடம்பெற்றது 2022-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான். அவ்விதிகளுக்கு ஆதாரமான அபாயக் கணக்கும் பழைய படிகளிலிருந்தே பெறப்படுகிறது. நாட்டுப்புறத்துக் காற்றுகள் இயல்பைவிட மெலிந்தவையாகப் பதிவாகியிருந்தால், நாட்டுப்புறத்துப் பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு காற்றைத் தாங்கவேண்டும் என்னும் கணக்கும் மெலிந்துவிடும். அண்டை வீடு தொலைவில் உள்ள, புகலிடம் இல்லாத குடும்பத்துக்கு இது உயிரைப் பற்றிய விஷயம்.

துணிபும் துணியாததும்

இவற்றையெல்லாம் சீர்தூக்கும்போது, சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு கூறலாம். தரையின் சுவடு காற்றின் நேரான பிரதி அன்று. காற்றும், காற்றின் வழியில் நின்ற பொருளும், காற்று அங்கே தங்கிய காலமும் சேர்ந்து எழுதியது அது. சேதத்தின் மூலம் கணிக்கும் வேகம், திறந்த வெளியில் பெரும்பாலும் ஒரு கீழ்வரம்பையே காட்டுகிறது. மிக நீண்ட பாதைகள் பலவாகப் பிரிந்ததுண்டு. ஆயினும் 1925-இன் பாதையில் 150 மைலுக்கு மேற்பட்ட ஒரு பகுதி ஒரே சுழற்காற்றுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதே இப்போதுள்ள ஆதாரங்களுக்கு மிகவும் இசைந்த கருத்து.

தீராதவையும் உண்டு. ரேடார் காட்டும் மேற்காற்றிலிருந்து தரைக்காற்றைப் பெறுவது எப்படி? மரம், பயிர், மண் ஆகியவற்றின் சிதைவை வேகமாக மாற்றும் கணக்கைச் சோதித்துப் பார்ப்பது எப்படி? பழைய பதிவேட்டின் தொடர்ச்சியைக் குலைக்காமல் புதிய அளவைகளை அதில் சேர்ப்பது எப்படி? அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கமும் வானிலை அறிஞர் சங்கமும் இணைந்து, சேதம், ரேடார், மரவீழ்ச்சி, செயற்கைக்கோள் ஆகிய பல முறைகளை ஒரே தரத்தின்கீழ்க் கொணர முயன்று வருகின்றன. அம்முயற்சி எவ்வளவு தூரம் வெற்றிபெறும் என்று இப்போது கூறுவது காலத்தை முந்துவதாகும்.

எனினும் ஒரு சீர்திருத்தம் எந்தப் புதிய கருவியையும் எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. ஒவ்வொரு சுழற்காற்றின் படியோடும், அதன் வழியில் சேதமடையத்தக்க பொருள்கள் எவை எவை நின்றன, எவ்வளவு தூரம் ஒன்றுமே நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யலாம். சேதமறியும் பொருள் இன்மையால் வலிமை அறிய இயலாதவற்றைத் தனி வகையாகக் குறிக்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் அமெரிக்க வானிலைச் சேவையில் ஏற்பட்டிருப்பது இத்திசையில் நல்ல தொடக்கம். அறியவில்லை என்று எழுதுவது மெலிந்தது என்று எழுதுவதினும் உண்மைக்கு நெருங்கியது. மெலிந்தது என்று தவறாக எழுதியதைப் பின்வரும் தலைமுறை திருத்த வழியில்லை, அறியவில்லை என்று எழுதி, வழியில் நின்றவற்றையும் குறித்து வைத்தால், நம்மினும் நல்ல கருவிகளை உடையவர்கள் அதிலிருந்து மீண்டும் கணக்கிடலாம்.